பங்க் பையனுக்கு ஒரு துட்டி

சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதை எங்கள் பக்கத்தில் துட்டி கேட்பது என்போம். துட்டி கேட்பதில் என் அம்மாவை மிஞ்ச தென்காசியில் ஆள் கிடையாது. கல்யாண வீட்டுக்குக்கூட ஆற அமரத்தான் புறப்படுவாள். சாவுச் செய்தி காதில் விழுந்துவிட்டால் போதும், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுக் கொண்டையை முடிந்தபடியே தெருவில் இறங்கிவிடுவாள். நாலு வீடு தாண்டுவதற்குள் கண்ணீர் வந்துவிடும். அதெல்லாம் ஊருக்காக அழுவது என்று என் அப்பா கேலி செய்வார். கூடவே இருந்து பார்த்தவள் நான். யார் செத்தாலும் அவளுக்கு மெய்யாகவே அழுகை வரும்.

அந்த அம்மா, எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உயிரோடு இருந்த ஒருவனுக்குத் துட்டி கேட்கப் போனாள். அன்றைக்கு மெய்யாகவே செத்துப்போயிருந்த ஆள் வேறொருவர். எங்கோ வெளிநாட்டில் மேடையேறித் தொண்டை கிழியக் கத்திப் பாடியவர். அவருக்கும் தென்காசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பக்கத்து வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் வாப்பாவுக்குக் கைலி வியாபாரம். அவள் அம்மாவை அவளைப்போலவே நானும் உம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே அண்ணன், துபாயில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. அவருக்குக் கடிதம் எழுதுவதென்றால் வேப்பங்காய். அதனால் பேசிப் பதிவு செய்து கேசட்டாக அனுப்புவார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் பாதி இப்படிப் பேச்சுக் கேசட்டில்தான் குடும்பம் நடத்தின. ஊருக்கு வருகிற யார் கையிலாவது கேசட் வரும். வீட்டில் எல்லோரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்காருவார்கள். நானும் உட்காருவேன்.

அந்த அண்ணன் பேசுவது எதிரே ஆள் இருப்பதுபோலவே இருக்கும். "சாப்பிட்டியளா உம்மா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். உம்மா உடனே, "சாப்பிட்டேன்ப்பா, இப்பந்தான்" என்பார். "முட்டுவலி எப்படி இருக்கு?" மறுபடியும் இடைவெளி. "அது கெடக்குப்பா" என்று உம்மா பதில் சொல்வார். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்லி முடிக்க வேண்டும் என்று உம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

அண்ணன் புதுக் கேசட் வாங்க மாட்டார். யாரோ கொடுத்த பாட்டுக் கேசட்டின் மேலேயே பேசிப் பதிந்து அனுப்புவார். அவர் பேச்சு முடிந்த இடத்தில், அழியாமல் மிச்சமிருக்கும் பாட்டு நடுவிலிருந்து திடீரென்று கிளம்பும். முதல் தடவை அது நடந்தபோது, "எல்லாருக்கும் சலாம் சொல்லுங்க" என்று அமைதியாகச் சொன்ன குரலுக்கு அடுத்த நொடியே தகரக் கூரையில் செங்கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேலே ஓர் ஆள் கத்தினார். உம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"ஏட்டி, ஒங்க அண்ணன் ஏன் இப்படிக் கத்துதான்? என்ன செய்யுதாம் அவனுக்கு?"

நாங்கள் இருவரும் சிரித்து உருண்டோம். அன்றிலிருந்து அந்தப் பாடகருக்கு எங்களிடம் அண்ணன் என்றே பெயர். துபாயிலிருந்து வந்தவர் ஆகையால் துபாய் அண்ணன். அவளுடைய சொந்த அண்ணனைப் பெரியண்ணன் என்போம். இவர் துபாய் அண்ணன். எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த கணக்கு இது.

அடுத்து நாங்கள் பேசி அனுப்பிய கேசட்டில் என் சிநேகிதி, பாடுவது யார் என்று கேட்டாள். பதில் கேசட்டில் பெரியண்ணன் சொன்னார்: "அது பங்க் பாட்டுட்டி. எங்கூட வேலை பாக்க வெள்ளக்காரப் பய குடுத்தது. பாடுறவர் பேரு..." அந்த இடத்தில் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டியதில் பெயர் காணாமல் போய்விட்டது. உம்மா மட்டும் விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

"பங்க்லயா? பெட்ரோல் பங்க்லயா வேலை பாக்கான் அந்தப் பையன்?"

பங்க் என்றால் தென்காசியில் ஒன்றே ஒன்றுதான், பெட்ரோல் போடுகிற இடம். பங்க் என்று கூச்சலாகப் பாடுகிற ஒரு மேனாட்டுப் பாட்டு வகை இருப்பது எங்களுக்கும் அப்போது தெரியாது. உம்மா மனதில் அவர் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துக்கொண்டு, வண்டி வராத நேரத்தில் பாடுகிற பிள்ளை என்று பதிந்துவிட்டது. "வெயில்ல நின்னு நின்னு தொண்டை கட்டிப் போயிருக்கும், பாவம்" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தை அவர் நிறுத்தச் சொன்னதே இல்லை.

எங்களுக்கு அவரை ஏன் அவ்வளவு பிடித்தது என்று கேட்டால், இப்போது பெரிய பெரிய காரணம் சொல்லலாம். அப்போது இருந்தது ஒரே காரணம். அவர் கத்தினார். நாங்கள் கத்தக் கூடாது. பெரிய மனுஷியான பிறகு எங்கள் இருவர் வீட்டிலும் சட்டம் ஒன்றுதான்: சிரித்தால் பல் தெரியலாம், சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது. இந்த ஆளோ யாரையும் சட்டை செய்யாமல், சுருதி போனால் போகிறது என்று, வயிற்றிலிருந்து கத்தினார். வார்த்தை ஒன்றும் விளங்காது. "நோ" என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பாட்டுகளின் முதல் பாதியை நான் கேட்டதே இல்லை. அதன் மேலெல்லாம் பெரியண்ணன் முட்டுவலி விசாரித்துக்கொண்டிருப்பார். இரண்டாம் பாதிகளை மனப்பாடமாக வைத்திருந்தோம்.

அதைப் பாட எங்களுக்கு ஓர் இடமும் இருந்தது. சாரல் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் குளிக்கப் போக வீட்டில் தடை இல்லை. பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். மெயினருவியில் பெண்கள் பக்கத்தில், தண்ணீர் மொத்தமாக விழுகிற இடத்தில் தலையைக் கொடுத்து நின்றுகொண்டால் நீங்கள் என்ன கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்காது. அங்கே நின்று நாங்கள் இருவரும் "நோ, நோ" என்று கத்துவோம். வெளியே வரும்போது தொண்டை கட்டியிருக்கும். அருவித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சுக்குக் காப்பி போட்டுத் தருவாள்.

அந்த ஞாயிறும் அப்படிக் குளிக்கப் போகிற நாள்தான். முந்தின நாள் சாயந்திரம், துபாயிலிருந்து விடுமுறையில் வந்த இலத்தூர்க்காரர் ஒருவர் புதுக் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. கடைசியில், "இனிமே தங்கச்சிக்கு மட்டும்" என்று பெரியண்ணன் சொன்னதும் உம்மா எழுந்து போய்விட்டாராம். காலையில் அதைத் தனியாகப் போட்டுக் கேட்டுவிட்டு என் சிநேகிதி எங்கள் வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"துபாய் அண்ணன் செத்துட்டாராம்ட்டி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு அப்படி என்று அப்போதே கொஞ்சம் ஆச்சரியமாகவும் இருந்தது. முகம் தெரியாது, பெயர் தெரியாது, பாட்டிலும் பாதிதான் தெரியும். இருந்தும் அழுகை நிற்கவில்லை. மாற்றுத்துணி எடுக்க உள்ளே போனேன். பின்வாசலில் மாவாட்டிக்கொண்டிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி? ஏன் அழுத?"

"துபாய் அண்ணன் செத்துட்டாரும்மா."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக நான் போய்விட்டேன். அம்மா குழவியை விட்டு எழுந்து மாவுக் கையைக் கழுவினாள். துபாயில் இருக்கிற அண்ணன் என்று அவளுக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். அவனைச் சின்னப் பிள்ளையில் இடுப்பில் தூக்கிச் சுமந்திருக்கிறாள்.

நாங்கள் மெயினருவியில் நின்று அவருடைய பாட்டை, தெரிந்த பாதியை, திரும்பத் திரும்பக் கத்தினோம். பிறகு அழுதோம். பிறகு குளிர் தாங்காமல் வெளியே வந்து, ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றோம். துக்கத்தில் பசிக்காது என்று சொல்லுகிறார்கள். எங்களுக்கு நன்றாகப் பசித்தது.

தெருமுனையில் பஸ் இறங்கித் திரும்பினால் அவள் வீட்டு வாசலில் கூட்டம். ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். என் சிநேகிதி கையிலிருந்த ஈரத்துணிப் பையைக் கீழே போட்டாள்.

"யாருக்கு என்ன?" என்றாள்.

"ஒனக்குத் தெரியாதா தாயி? துபாய்ல ஒங்க அண்ணன் போயிட்டானாம்லா."

அவள் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். இதில் ஏதோ பிசகு என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலையில் பாடகர் செத்த சேதி வந்தது, மத்தியானம் பெரியண்ணன் செத்த சேதியும் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

உள்ளே நடுக்கூடத்தில் பாய் விரித்து உம்மா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தெருப் பெண்கள், பாதிப் பேர் முக்காடு போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல். அந்த வீட்டில் ஓலமிட்டு அழுவது வழக்கமில்லை. சத்தம் போட்டு அழுத ஒரே ஆள் என் அம்மா. உம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வாசல்ல நின்னு காப்பி கேட்டியே ராசா, வண்டியேறிப் போனியே ராசா" என்று ராகம் போட்டு அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"இன்னா, இவதான் காலைல வந்து சொன்னா. இவ சொல்லித்தான் நமக்கே தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் சிநேகிதி என்னை முந்திக்கொண்டாள்.

"ஐயோ உம்மா! அது நம்ம அண்ணன் இல்ல! பாட்டுப் படிக்கவர்! கேசட்ல கத்துவாருல்லா, அவரு!"

கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரோ சிரிக்கவும் செய்தார்கள். உம்மா மட்டும் அசையவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"எங்கிட்ட மறைக்காதட்டி."

அதில் குற்றம் சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சாவை வீட்டில் நேரடியாகச் சொல்வது எங்கள் தெருவில் வழக்கமில்லை. முதலில் காய்ச்சல் என்பார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்பார்கள். பெட்டி வந்து இறங்குகிற அன்றைக்குத்தான் பெற்றவளுக்கு உண்மை தெரியும். பின்தெருவில் ஒரு வீட்டில், செத்தது வேறு யாரோ, பெயர்தான் ஒன்று என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆகவே "அது வேற ஆள்" என்று யாராவது சொன்னாலே உம்மாவுக்கு உண்மை உறுதியாகிவிடும். நாங்கள் எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் மகன் இன்னும் கொஞ்சம் செத்துக்கொண்டிருந்தான். வாப்பா டிரங்க் கால் போட டெலிபோன் ஆபீஸுக்குப் போயிருந்தார். லைன் கிடைத்து, பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் யாராவது எடுத்து, மகனைக் கூட்டி வந்து பேச வைக்க வேண்டும். எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

என் சிநேகிதி டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் வைத்தாள். பதற்றத்தில் முழுக்கப் பின்னால் சுற்றிவிட்டதில் கேசட் முதலிலிருந்தே ஓடியது.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. சாப்பிட்டியளா?"

இடைவெளி வந்தது. உம்மா பதில் சொல்லவில்லை. உதடு மட்டும் கோணியது. அந்த இடைவெளி அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என் அம்மாகூட அழுகையை நிறுத்திவிட்டாள். "முட்டுவலி எப்படி இருக்கு?" என்று குரல் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அவள் கேசட்டை அவசரமாக ஓட்டிக் கடைசிப் பகுதிக்கு வந்தாள்.

"தங்கச்சி, ஒனக்கு ஒரு சேதி. அந்தப் பாட்டுக்காரர் செத்துட்டாராம். சின்ன வயசுதானாம். நம்ம வெள்ளக்காரப் பய வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு அழுதான். என்ன சொல்லித் தேத்தன்னு எனக்குத் தெரியல. ஒனக்குச் சொல்லணும்னு தோணிச்சு. வச்சிருதேன்."

"கேட்டியளா உம்மா? அண்ணனே சொல்லுதான்."

"இது எப்பம் பேசினதோ" என்றார் உம்மா. "பேசி எத்தனை நாளாச்சோ. அதுக்குப் பொறவு என்ன நடந்துதோ."

அதற்குள் பாட்டு வந்துவிட்டது. வழக்கம்போல நடுவிலிருந்து, தகரமும் செங்கல்லுமாக. ஒரு கிழவி காதைப் பொத்தினாள். நான் நிறுத்தப் போனேன். உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருக்கட்டும். எம் புள்ள கேட்ட பாட்டு."

மிச்சமிருந்த பாட்டு முழுவதும் ஓடியது. முக்காடு போட்ட பெண்களும், குங்குமம் வைத்த பெண்களும், மாவு காய்ந்த முழங்கையோடு என் அம்மாவும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, அந்த மனிதர் "நோ, நோ" என்று கத்தினார். அந்தக் குரலை அதற்குமுன் நூறு தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் அவர் அழுகிறார் என்று பட்டது. என் சிநேகிதி குலுங்கிக் குலுங்கி அழுதாள். எந்த அண்ணனுக்காக என்று நான் கேட்கவில்லை. யாருக்காக என்று தெரியாமல்தான் நானும் அழுதேன்.

பாட்டு முடிந்து கேசட் வெறுமனே இரைந்துகொண்டிருந்தபோது வாசலில் வாப்பாவின் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. ஸ்டாண்டு போடக்கூட நிற்கவில்லை.

"பேசிட்டேன்! எம் மவன்கிட்ட நானே பேசிட்டேன்!"

"நீங்களும் மறைக்கியளா?" என்றார் உம்மா.

"அல்லா மேல ஆணையா பேசினேன்."

"என்ன சொன்னான்? அப்படியே சொல்லுங்க."

வாப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நைட் சிப்டு முடிச்சுத் தூங்கிட்டுக் கெடந்தானாம். தூங்குறவன எழுப்பி உசுரோட இருக்கியான்னு கேப்பியளான்னு வள்ளுனு விழுந்தான். வச்சிட்டான்."

உம்மா ஒரு நொடி அவர் முகத்தையே பார்த்தார். "அவந்தான்" என்றார். "தூக்கத்துல எழுப்புனா எம் புள்ள அப்படித்தான் விழுவான்." அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை உடைந்து வந்தது, வழக்கத்தை மீறிச் சத்தமாகவே.

கூட்டம் கலகலப்பானது. வாழைப்பழமும் டீயும் வந்தன. என் அம்மா மட்டும் கதவோரம் ஒதுங்கி நின்றாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தவளை எந்த வீட்டிலும் மன்னிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஓசைப்படாமல் நழுவப் பார்த்தவளை உம்மா கூப்பிட்டார்.

"ஏளா, நில்லு. எங்க போற?"

அம்மா வாய் குழறி, "எக்கா, எம் வாயில..." என்று தொடங்கினாள். உம்மா கேட்டுக்கொள்ளவில்லை. மகளிடம் திரும்பினார்.

"அப்பம் செத்தது அந்தப் பங்க் பையனா? இப்பம் பாடினானே, அவனா?"

"ஆமா உம்மா."

"அவனுக்கு உம்மா இருக்காளா?"

எங்களுக்குத் தெரியவில்லை. உம்மா டேப் ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் நின்று பெட்ரோல் போட்டுவிட்டு, ராத்திரி அறைக்குப் போய்த் தானே சோறாக்கித் தின்றிருக்கிற ஒரு பிள்ளையை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"எங்கன கெடந்து செத்தானோ. பெத்தவளுக்கு யாரு சொன்னாவளோ, எப்படிச் சொன்னாவளோ" என்றார். பிறகு என் அம்மாவிடம் சொன்னார்: "நீ அழுத அழுகை எம் மவனுக்கு வேண்டாம். அந்தப் புள்ளைக்குப் போய்ச் சேரட்டும்."

அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனாள். துட்டி கேட்டு வந்தால் தலை முழுகாமல் எங்கள் வீட்டில் எதையும் தொடக் கூடாது. நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன்.

"அந்தப் பையன் பேரு என்னட்டி?" என்றாள்.

"தெரியாதும்மா."

"பேரு தெரியாத ஆளுக்கா அந்த அழுகை அழுதேன்?"

நான் அடுத்த வாளியை இறைக்கத் தொடங்கினேன். அவர் பெயரை இன்றைக்குத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். நான் தேடவில்லை. அவருடைய ஊரில் ரசிகர்கள் கூடியிருப்பார்கள், பத்திரிகைகளில் எழுதியிருப்பார்கள். கட்டிப் பிடித்து, ராகம் போட்டு, ராசா என்று கூப்பிட்டு அங்கே யாரும் அழுதிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

அம்மா வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டாள். முகத்தை வழித்துவிட்டு, இன்னொரு வாளிக்குக் கையை நீட்டினாள்.

"சரி, விடு" என்றாள். "யாராவது அழணும்லா."